படியெடுத்தலும் வழிநூலும்: சார்ஜென்ட்டின் ஹால்ஸ், வெலாஸ்கெஸ் படிகளை முன்வைத்து எண்ணெய் வண்ண உருவப்படக் கல்வி

ஆய்வுச் சுருக்கம்

நடப்பியல் ஓவியம் ஒன்றைப் படியெடுத்து உருவப்படம் தீட்டக் கற்பது ஐரோப்பிய ஓவியக் கல்வியில் நெடுங்காலம் நிலவிவரும் முறை. அம்முறையால் கற்பவர் உண்மையில் பெறுவது எது என்னும் வினாவை, ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1879, 1880 ஆண்டுகளில் மாட்ரிட்டிலும் ஹார்லெமிலும் உருவாக்கிய படிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. படியின் பயன் மூலத்தை ஒத்திருப்பதில் இல்லை, மூலம் தீட்டப்பட்ட வரிசையைக் கண்டடைவதில் உள்ளது என்பதும், உயிருள்ள முகத்தை எதிர்கொள்ளும் திறனை எந்தப் படியும் தருவதில்லை என்பதும் இதன் துணிபுகள்.

திறவுச்சொற்கள்: எண்ணெய் வண்ணம், உருவப்படம், படியெடுத்தல், வழிநூல், சார்ஜென்ட், ஹால்ஸ், வெலாஸ்கெஸ்

வரிசை மாறிய அறிவுரை

ஜான் சிங்கர் சார்ஜென்ட் (1856-1925) தம்மிடம் வழி கேட்ட இளம் ஓவியருக்கு வகுத்துத் தந்த பாடத்திட்டம் மிகச் சுருக்கமானது. முதலில் ஃபிரான்ஸ் ஹால்ஸைப் படியெடுக்க வேண்டும். அவரிடமிருந்து பெறக்கூடியது அனைத்தையும் பெற்ற பின்னர் மாட்ரிட் சென்று வெலாஸ்கெஸைப் படியெடுக்க வேண்டும். அதுவரை வெலாஸ்கெஸை ஒதுக்கி வைக்க வேண்டும். அவரிடம் பயின்ற பெண் ஓவியர் ஒருவர் எழுதிவைத்த இக்கருத்து, எவன் சார்ட்டெரிஸ் 1927இல் வெளியிட்ட சார்ஜென்ட் வாழ்க்கை வரலாற்றின் வழியே பரவி, இன்றும் ஓவியக்கூடங்களில் சொல்லப்பட்டு வருகிறது.

ஆயினும் சார்ஜென்ட் தாம் நடந்த வழி இதுவன்று. 1874ஆம் ஆண்டு பாரிசில் கரோலஸ்-துரானின் ஓவியக்கூடத்தில் சேர்ந்த அவர், 1879ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஸ்பெயினுக்குச் சென்று பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸின் படங்களைப் படியெடுத்தார். ஹாலந்துக்குச் சென்று ஹார்லெம் நகரில் ஹால்ஸைப் படியெடுத்தது அதற்கு அடுத்த ஆண்டில். தாம் கற்ற வரிசையைப் பிறருக்குத் தலைகீழாக்கித் தந்திருக்கிறார். இதனை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒரு சுவையான செய்தியாகக் கூறிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் எதை முதலில் படியெடுப்பது என்பதே எதற்காகப் படியெடுப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆதலால் இவ்வரிசை மாற்றம் சற்று நின்று ஆராயத்தக்கது.

ஏடு பெயர்ப்பவரும் வழிநூல் செய்பவரும்

ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஆக்குவதில் தமிழ் மரபு இரு வேறு செயல்களை வேறுபடுத்திக் காட்டுகிறது. ஒன்று ஏடு பெயர்த்து எழுதுதல். ஏடு பெயர்ப்பவரின் நோக்கம் வேறுபாடே இல்லாமை. அவர் கைதவறிய இடம் பிழை அல்லது பாடவேறுபாடு எனப்படும். மற்றொன்று வழிநூல் செய்தல். முதல்நூலின் முடிபுகளுக்கு மாறுபடாது நின்று, செய்பவர் தம் நோக்கத்திற்கேற்ற வேறுபாடுகளைப் புகுத்துவதை நன்னூல் வழிநூலின் இலக்கணமாகவே கொள்கிறது. தொல்காப்பியர் மரபியலில் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுக்கிறார். ஏட்டில் வேறுபாடு குற்றம். வழிநூலில் வேறுபாடே காரணம்.

ஓவியம் கற்பவரிடம் இவ்விரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. படியெடுக்க அமரும் மாணவர் தம்மை ஏடு பெயர்ப்பவராகவே கருதுகிறார். முடிந்த படியை மூலத்தின் அருகில் வைத்து எங்கே மாறியிருக்கிறது என்று தேடுகிறார். பார்ப்பவரும் ‘அப்படியே இருக்கிறது’ என்று பாராட்டுகின்றனர். எழுத்தைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் செல்லும். ஏட்டில் ஓர் எழுத்து எந்த வரிசையில் கீறப்பட்டது என்பது பொருளை மாற்றுவதில்லை. எண்ணெய் வண்ணத்தில் நிலைமை வேறு.

எண்ணெய் மறைக்கும் வரிசை

எண்ணெய் வண்ணம் நீர் வண்ணத்தைப் போல ஆவியாகி உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனை ஏற்று மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே சில நாட்கள் ஆகலாம். அதுவரை வண்ணம் கித்தானின்மேல் அசையும் நிலையில் இருக்கும். துடைக்கலாம், சுரண்டலாம், ஒன்றன்மேல் ஒன்றாக ஈரத்தோடு ஏற்றலாம். உருவப்பட ஓவியர்கள் இதனை விரும்பியதற்குக் காரணம் இந்த நீண்ட கால இடைவெளியே. ஆனால் இறுகியபின் எஞ்சுவது மேற்பரப்பு ஒன்றுதான். கன்னத்தின் சிவப்பு முதலில் வந்ததா, சாம்பல் நிற நிழலின்மேல் பின்னர் ஏற்றப்பட்டதா? காதோரத்து விளிம்பு கூந்தலுக்கு முன் தீட்டப்பட்டதா, பின்னா? முடிந்த படம் இவற்றை எளிதில் சொல்லாது. ஒரே தோற்றத்தைப் பல வரிசைகளில் அடைய முடியும். அவற்றுள் ஒன்றோ இரண்டோதான் அடுத்த முகத்திற்கும் பயன்படும்.

இதனால் தோற்றத்தை மட்டும் குறிவைக்கும் மாணவர், புருவத்தில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாக முடித்துக்கொண்டே போவதும் உண்டு. மெல்லிய தூரிகையும் பொறுமையும் இருந்தால் அப்படியும் மூலத்தை ஒத்த படி ஒன்று கிடைத்துவிடும். அவ்வாறு ஒத்துவிடுவதே கேடாக முடிகிறது. எதிரில் ஆள் வந்து அமரும்போது அந்தப் பழக்கம் அவருக்கு உதவுவதில்லை. ஆள் அசைவார், ஒளி மாறும், முதலில் முடித்த புருவம் இறுதியில் தீட்டிய வாய்க்குப் பொருந்தாது.

கரோலஸ்-துரானின் ஓவியக்கூடம் இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தடுத்தது. அங்கே சார்ஜென்ட்டுடன் பயின்ற ஆர். ஏ. எம். ஸ்டீவன்சன், 1895இல் வெளியான தமது வெலாஸ்கெஸ் நூலில் அம்முறையை விவரித்திருக்கிறார். கரித்துண்டால் அளவுகளை லேசாகக் குறித்துக்கொண்டு, ஒற்றை நிறத்தில் முன்தயாரிப்பு எதுவுமின்றி நேரடியாக வண்ணத்தில் இறங்க வேண்டும். முகத்தை உறுப்புகளாகப் பார்க்காமல் ஒளி விழும் தளங்களாகப் பார்க்க வேண்டும். நெற்றிக்கு மூன்று நான்கு தளங்கள், மூக்குக்கும் அவ்வளவே. ஒவ்வொன்றும் தன் சரியான தொனியோடு, அதாவது வெளிச்சத்திற்கும் இருளுக்கும் இடையே அதற்குரிய அளவோடு, அகன்ற தூரிகையால் சில்லுப் பதிப்பதுபோல் வைக்கப்பட வேண்டும். இரு தளங்கள் சேரும் இடத்தைத் தூரிகையால் தேய்த்துக் கலப்பது அங்கே விலக்கப்பட்டது. இடையிலுள்ள தொனியைக் கண்டறிந்து, அதனைத் தனியே கலந்து, தனித் தளமாகவே வைக்க வேண்டும். மென்மை தேய்ப்பதால் வருவதன்று, சரியான இடைத்தொனியால் வருவது என்பது அந்தக் கூடத்தின் கொள்கை. ஸ்பெயினில் வெலாஸ்கெஸை நேரில் பயின்று வந்த கரோலஸ்-துரான் தம் முறை அவரிடமிருந்து பெறப்பட்டது என்றே கருதினார். மாணவர்களையும் அவரை நோக்கியே செலுத்தினார்.

1879இல் மாட்ரிட் செல்லும்போது சார்ஜென்ட்டின் கையில் வரிசை ஒன்று ஏற்கெனவே இருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அதே ஆண்டின் பாரிஸ் கலைக்கண்காட்சியில் அவர் தீட்டிய கரோலஸ்-துரானின் உருவப்படம் பாராட்டுப் பெற்றிருந்தது. அவர் பிராடோவுக்குள் நுழைந்தபோது தொடக்க நிலை மாணவரல்லர். பிறருக்குத் தந்த அறிவுரையோ அந்தக் கூடத்தின் பயிற்சி வாய்க்காதவர்களுக்கும் உரியது. வரிசை மாறியதற்கான முதற்காரணம் இதுவாகலாம். கரோலஸ்-துரான் தமக்குச் செய்ததைப் பிறருக்கு யார் செய்வார் என்ற கேள்விக்குச் சார்ஜென்ட் கண்ட விடையே ஹால்ஸ்.

ஹால்ஸ்: மறையாத கோல்

ஹார்லெமில் சார்ஜென்ட் படியெடுத்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை, முதியோர் இல்லத்தின் பெண் நிர்வாகிகளை ஹால்ஸ் 1664இல் தீட்டிய குழுப்படத்திலுள்ள உருவங்கள். ஹால்ஸுக்கு அப்போது வயது எண்பதைக் கடந்திருந்தது. இருண்ட பின்னணி, கரிய ஆடைகள், வெண்ணிறக் கழுத்துப்பட்டைகள், முகங்கள், கைகள் என்பவற்றைத் தவிர அப்படத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்றே முதற்பார்வைக்குத் தோன்றும். கருப்பு என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். அப்படத்தையும் அதன் இணைப்படத்தையும் ஒரே நிறத்தில் தீட்டப்பட்டவை எனச் சொல்ல எவராலும் முடியாது. ஹால்ஸிடம் 27 கருப்புகள் இருந்திருக்க வேண்டும் என்று வான் கோ கடிதமொன்றில் வியந்து எழுதியது இதனால்தான்.

படியெடுப்பவருக்கு ஹால்ஸ் தரும் பெரும் உதவி, அவர் எதையும் மறைக்காமை. தூரிகை தொட்ட இடம் தொட்டவாறே நிற்கிறது. கழுத்துப்பட்டையின் வெண்மைமீது விழுந்த சாம்பல் கோடு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் இழுக்கப்பட்டது, எங்கே தூக்கப்பட்டது என்பதைக் கண்ணால் பின்தொடரலாம். எது மேல், எது கீழ் என்பதும் தெரியும். நிழல் பரவலாக முதலில் வைக்கப்பட்டு, ஒளி அதன்மேல் வந்து, மிகக் கரிய அழுத்தமும் மிக வெளிய புள்ளியும் கடைசியில் இறங்கியிருப்பதைக் கற்பவர் படித்தறிய முடிகிறது. குறிப்பாக அந்த நிர்வாகிகளின் கைகள். விரல் என்று சொல்லத்தக்க வரைவு எதுவும் இல்லாமல், சில தடித்த இழுப்புகளால் விரலின் கனமும் மூப்பும் வந்துவிடுகின்றன. இங்கே ஏடு பெயர்ப்பவர் தோற்றுப்போகிறார். அக்கைகளை மெல்லிய தூரிகையால் சிறிது சிறிதாக ஒத்துவரச் செய்தால் அது கையாக இராது. கையைத் தீட்டிய வண்ணத்தின் படமாக மட்டுமே இருக்கும். அதே அகலமுள்ள தூரிகையை எடுத்து, அதே அளவு வண்ணம் ஏற்றி, ஒரே இழுப்பில் வைத்தாக வேண்டும். தவறினால் திருத்த இயலாது; சுரண்டிவிட்டு மீண்டும் வைக்க வேண்டும். முடிவெடுத்துவிட்டுத் தொடுதல் என்னும் ஒழுக்கத்தை ஆசிரியர் அருகில் இல்லாமலே அந்தப் படம் கற்பிக்கிறது.

ஹால்ஸின் வேகத்தை மட்டும் கண்டு அதனை அலட்சியம் எனக் கொள்பவர் பலர். அவருடைய வீச்சைப் பிறர் கையில் காணும்போது வெறும் ஆரவாரமாகத் தோன்றுவதற்கு அவர்களே பொறுப்பு. தொனி சரியாக இல்லாத வீச்சு, வீச்சாக மட்டுமே நிற்கும்.

வெலாஸ்கெஸ்: அணுகினால் கலையும் உரு

வெலாஸ்கெஸிடம் நிலைமை நேர்மாறு. ‘லாஸ் மெனினாஸ்’ (1656) 318 செ.மீ. உயரமும் 276 செ.மீ. அகலமும் கொண்டது. சில எட்டுகள் தள்ளி நிற்பவருக்கு இளவரசியின் ஆடையில் பட்டும் வெள்ளிச் சரிகையும் தெரிகின்றன. அருகே சென்றால் தொடர்பற்ற சாம்பல், வெள்ளை, ரோசாநிறத் தீற்றல்களே எஞ்சும். நீண்ட காம்புடைய தூரிகைகளை அவர் கையாண்டதாகப் பாலோமினோ 1724இல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. வண்ணம் பல இடங்களில் மிக மெலிதாக, கித்தானின் இழை தெரியும்படி பூசப்பட்டுள்ளது. வண்ணத்தில் கால்சைட்டுத் தூளைச் சேர்த்து அதனை மேலும் ஒளி ஊடுருவும்படி ஆக்கினார் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. செவில் நகரத்துத் தொடக்ககாலப் படங்களில் பழுப்பாக இருந்த அடிப்பூச்சு, பின்னாளில் வெளிறிய சாம்பலாக மாறியது. அந்தச் சாம்பலே பல இடங்களில் தீட்டப்படாத இடைத்தொனியாக நின்று பணிபுரிகிறது.

கற்கும் நிலையிலுள்ளவர் இதனை எப்படிப் படிப்பார்? தூரத்திலிருந்து மென்மையைக் காண்கிறார். கித்தானின் அருகில் நின்று தீட்டுகிறார். மென்மை வேண்டுமென்று தேய்த்துக் கலக்கிறார். மூலத்தில் ஒன்றுமே பூசப்படாமல் விடப்பட்ட இடத்தில் இவர் வெள்ளையும் கருப்பும் கலந்து ஒரு சாம்பலைப் பூசுகிறார். படி புகைபடிந்ததுபோல் ஆகிவிடுகிறது. வெலாஸ்கெஸைத் தள்ளிப்போடச் சொன்னதன் பொருள் இங்கே விளங்குகிறது. ஹால்ஸிடம் கோலைக் கண்டவர்தாம் வெலாஸ்கெஸிடம் கோல் இல்லாத இடத்தைக் காண முடியும்.

சார்ஜென்ட் எடுத்த ‘லாஸ் மெனினாஸ்’ படி மூலத்தைவிட மிகச் சிறியது. அத்துணைப் பெரிய படத்தை அச்சிறு கித்தானில் அடக்கும்போது பட்டின் சரிகைக்கும் முகத்தின் நுண்மைக்கும் இடமில்லை. முகங்கள் சில தொனிகளாகச் சுருங்குகின்றன. மேற்பாதியிலுள்ள இருண்ட வெளியும், பின்புறக் கதவில் நிற்பவரைச் சூழ்ந்த ஒளியும், நடுவில் இளவரசியின் வெண்மையும் தமக்குள் கொண்ட விகிதமே அதில் படியெடுக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியரின் சொல்லால் கூறினால் அது தொகுத்தல். ஏடு பெயர்ப்பு என்று அளந்தால் அது குறையுடையது. வழிநூலாக அளந்தால், எதை விட்டுவிட்டால் படம் நிற்கும், எதை விட்டால் விழும் என்ற சோதனை அது. கற்பவரின் அறிவு அவர் சேர்த்ததைவிட விட்டதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

லூவர் அருங்காட்சியகம் இன்றும் படியெடுப்போருக்கு ஒரு விதியை வைத்திருக்கிறது: படி மூலத்தின் அளவில் இருக்கக்கூடாது, குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு சிறிதாகவோ பெரிதாகவோ இருத்தல் வேண்டும். போலிகளைத் தடுக்கப் பிறந்த விதி. எனினும் அதன் விளைவு கல்வி சார்ந்தது. அளவு மாறினால் தூரிகையின் அகலம், வண்ணத்தின் கனம், விளிம்பின் கூர்மை எல்லாவற்றையும் மறுபடி தீர்மானிக்க வேண்டியிருக்கும். எதையும் அப்படியே எடுத்துவைக்க முடியாது.

மூலம் எது?

மூலத்தை ஒத்திருத்தல் என்னும் அளவுகோலுக்கு மற்றொரு தடையும் உண்டு. மூலமே நிலையாக நிற்பதில்லை. ‘லாஸ் மெனினாஸ்’ 1984இல் ஜான் பிரீலியால் தூய்மை செய்யப்பட்டு, மஞ்சளேறிய வார்னிஷ் நீக்கப்பட்டது. சார்ஜென்ட் 1879இல் கண்ட படமும் இன்றைய பார்வையாளர் காணும் படமும் நிறத்தால் ஒன்றல்ல. முதுமையின் மஞ்சளை ஓவியரின் மஞ்சள் எனக் கொண்டு படியெடுத்த மாணவர் எத்தனையோ பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படிகள் பலவற்றின் பழுப்பு நிறத்திற்கு வார்னிஷும் ஒரு காரணமாயிருத்தல் கூடும். நிறம் இவ்வாறு ஏமாற்றும்போதும் தொனிகளுக்கிடையிலான உறவு பெருமளவு தங்குகிறது. கரோலஸ்-துரானின் கூடம் தொனியை முதன்மைப்படுத்தியது இவ்வகையில் நல்வாய்ப்பு.

காலம் மறைப்பதோடு நில்லாமல் சிலவற்றை வெளிக்காட்டவும் செய்கிறது. பிராடோவிலுள்ள நான்காம் பிலிப்பின் குதிரைமேல் அமர்ந்த உருவப்படத்தில், வெலாஸ்கெஸ் முதலில் தீட்டி, பின்னர் மூடிவிட்ட குதிரைக் காலின் வடிவம் மேற்பூச்சின் வழியே இன்று மங்கலாகத் தெரிகிறது. ஈய வெள்ளை கலந்த எண்ணெய்ப் பூச்சு நாட்பட ஒளி ஊடுருவும் தன்மை பெறுவதே காரணம். அப்படத்தைப் படியெடுப்பவர் அந்த ஆவிக்காலை என்ன செய்வது? விட்டுவிட்டால் ஓவியர் அடைய விரும்பிய தோற்றத்தைப் படியெடுத்தவராவார். சேர்த்துக்கொண்டால் இன்று சுவரில் தொங்கும் பொருளைப் படியெடுத்தவராவார். அங்கே ஒரு கால் முதலில் இருந்தது, ஏன் நகர்ந்தது என்று கேட்பவரே செயலைப் படியெடுக்கிறார்.

செயலைப் படியெடுத்தலுக்குத் தெளிவான சான்று பிராடோவிலேயே உள்ளது. நெடுங்காலம் சாதாரணப் படி என்று கருதப்பட்ட ‘மோனா லிசா’ ஒன்றின் கரிய பின்னணி நீக்கப்பட்டபோது, லூவர் மூலத்தில் உள்ளதுபோன்ற நிலக்காட்சி வெளிப்பட்டது. அகச்சிவப்புப் பதிவில் அதனினும் வியப்பானது தெரிந்தது. மூலத்தின் அடியில் லியொனார்டோ செய்து மாற்றிய திருத்தங்கள் இப்படியின் அடியிலும் உள்ளன என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. முடிந்த படத்தைப் பார்த்து எடுத்த படியாயின் மறைந்துபோன திருத்தங்கள் அதில் வர வழியில்லை. லியொனார்டோ தீட்டத் தீட்ட, அவருடைய கூடத்தில் உடனிருந்த ஒருவர் பின்தொடர்ந்து தீட்டியிருக்க வேண்டும். அழகில் அப்படி மூலத்திற்கு ஈடாகாது. கல்வி என்னும் அளவில் அதைவிடப் பேறு பெற்ற படியைக் காட்டுவது அரிது.

எதிர்முனையில் ரூபன்ஸ் நிற்கிறார். 1628-29இல் மாட்ரிட்டில் தங்கியிருந்தபோது அவர் டிஷியனின் படங்கள் பலவற்றைப் படியெடுத்தார். அப்போது ஐம்பதைக் கடந்தவர், ஐரோப்பா முழுவதும் அறிந்த ஓவியர். டிஷியனின் ‘ஆதாமும் ஏவாளும்’ படத்தில் ஆதாமின் அமர்வை மாற்றினார். மூலத்தில் இல்லாத கிளி ஒன்றைச் சேர்த்தார். இரண்டும் பிராடோவில் உள்ளன. அவ்வேளையில் அரசவை ஓவியராயிருந்த இளம் வெலாஸ்கெஸ் ரூபன்ஸோடு பழகினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பின்னாளில் பிறர் படியெடுக்கப்போகும் ஓவியர், தலைசிறந்த ஒருவர் படியெடுத்த காலத்தில் உடனிருந்திருக்கிறார்.

வரிசையைக் கண்டவர், முடிவைக் கண்டவர்

திருவிதாங்கூரில் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. ஆயில்யம் திருநாள் மகாராஜாவை உருவப்படமாகத் தீட்ட 1868இல் தியோடர் ஜென்சன் திருவனந்தபுரம் வந்தபோது, இளைஞரான ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தைக் கற்பிப்பவர் எவரும் இல்லை. ஜென்சன் கற்பிக்க இசையவில்லை என்றும், தீட்டும்போது அருகிருந்து பார்க்க மட்டும் வாய்ப்புக் கிடைத்தது என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இதனைக் கொடுப்பினை இன்மையாகச் சித்திரிப்பதே வழக்கம். மேலே கண்டவற்றின் வெளிச்சத்தில் அது பாதி உண்மைதான். பாரிசில் அருங்காட்சியகச் சுவரைப் பார்த்து அமர்ந்த மாணவருக்கு முடிவு கிடைத்தது, வரிசை கிடைக்கவில்லை. ரவிவர்மாவுக்கு, எந்த வண்ணம் முதலில் வைக்கப்பட்டது, எப்போது துடைக்கப்பட்டது, ஓவியர் எத்தனை முறை பின்னே நகர்ந்து பார்த்தார் என்னும் வரிசை கிடைத்தது. கையில் தூரிகையோடு அதனைச் சோதிக்கும் வாய்ப்புத்தான் உடனே கிடைக்கவில்லை.

இன்று திரையிலிருந்து படியெடுப்பவரின் நிலை இவ்விருவரினும் கடினமானது. பிராடோவின் 14 படங்கள் மிகப்பெரும் நுட்பத்தோடு 2009இல் இணையத்தில் ஏற்றப்பட்டபின், அருங்காட்சியகத்தில் நிற்பவரைவிட வீட்டில் இருப்பவர் ‘லாஸ் மெனினாஸ்’ படத்தை அருகில் பார்க்க முடிகிறது. அருகில் பார்ப்பது வெலாஸ்கெஸைப் பொறுத்தவரை உதவியா என்பதே கேள்வி. திரையில் பெரிதாக்கும்போது பார்வையாளர் நகர்வதில்லை, படமே நகர்கிறது. எத்தனை எட்டுப் பின்னே சென்றால் தீற்றல் பட்டாகிறது என்னும் உடலறிவு அதில் இல்லை. வண்ணத்தின் மேடுபள்ளமும் பக்கவாட்டு ஒளியில் தெரியும் மெலிவும் இல்லை. திரையே ஒளிவிடுவதால் கருப்புகளின் வேறுபாடும் முழுதாகக் கிட்டுவதில்லை. ஹால்ஸைப் படியெடுப்பவருக்கு அதுவே பெரிய இழப்பு. கட்டம் போட்டு அளவெடுத்து, திரையிலுள்ள நிறத்தைச் சதுரம் சதுரமாக ஒப்பிட்டுக் கலக்கும் பயிற்சிகள் ஏடு பெயர்ப்பின் துல்லியத்தை உயர்த்துகின்றன. கண் ஒரு பொறியாக மாறுவதே அவற்றின் விளைவு. திரையை விட்டால் வேறு வழியில்லாதவர்கள் பலர் என்பதால் இதனைக் குறைகூறிப் பயனில்லை. திரைப்படியையும் சிறு அளவில், அகன்ற தூரிகையோடு, கால எல்லை வைத்து எடுக்கலாம். அவ்வாறு எடுத்தால் துல்லியம் போகும், தொனி தங்கும்.

படி தராதது

1882இல் சார்ஜென்ட் தீட்டிய ‘எட்வர்ட் டார்லி பாய்ட்டின் மகள்கள்’ ‘லாஸ் மெனினாஸ்’ படத்தின் வழிநூல் என்று பலரும் கூறுவர். பிராடோ 2010இல் பாஸ்டனிலிருந்து அதனை வரவழைத்து இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியது. ஏறக்குறைய 222 செ.மீ. சதுரக் கித்தானில் நான்கு சிறுமியர். ஒருத்தி பொம்மையோடு தரைவிரிப்பில் அமர்ந்திருக்கிறாள். ஒருத்தி இடப்புறம் தனித்து நிற்கிறாள். மூத்த இருவர் பின்னேயுள்ள இருளின் விளிம்பில். ஆழ்ந்த இருட்டறை, பின்சுவரில் மங்கலாக ஒளிரும் கண்ணாடி, உருவங்களுக்கிடையே விடப்பட்ட வெற்றிடம் ஆகியன மாட்ரிட்டில் கற்றவை என ஏற்கலாம். ஆனால் ஒப்பிடுவோர் பெரிதும் பேசாத ஒன்று உண்டு. மூத்த மகள் உயர்ந்த ஜப்பானிய ஜாடியில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தின் பெரும்பகுதி நிழலில் கரைந்துவிட்டது. உருவப்படத்தில் ஒரு முகத்தை இப்படி விட்டுவிடத் துணிவது எளிதன்று. ‘லாஸ் மெனினாஸ்’ படத்திலோ அரசியும் அரசனும் கண்ணாடியில் மங்கலாயினும் முன்னோக்கியே உள்ளனர். முகத்தை விடலாம், படம் நிற்கும் என்பதைச் சார்ஜென்ட் வெலாஸ்கெஸின் மூலத்திலிருந்து பெற்றிருக்க வாய்ப்பில்லை. முகங்களைத் தொனிகளாகச் சுருக்கிய தமது சிறு படியிலிருந்து பெற்றிருக்கலாம். அங்கே இடமின்மையால் விட்டது இங்கே தெரிந்தே விடப்பட்டது.

இதற்கப்பால் படியால் செல்ல இயலாத எல்லை ஒன்று உண்டு. வெலாஸ்கெஸின் முன் அமர்ந்தவர் களைப்படைந்தார், பேசினார், சினந்தார். அந்த அசைவுகளிலிருந்து ஒரு கணத்தை அவர் தேர்ந்தார். படியெடுப்பவர் முன்னுள்ள முகமோ ஒருபோதும் அசையாது. உருவப்படக் கலையின் மிகக் கடினமான முடிவு, எந்த முகம் இந்த முகம் என்னும் முடிவு, அவருக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. நூறு படிகள் எடுத்தாலும் அம்முடிவை ஒருமுறைகூட அவர் எடுத்திருக்க மாட்டார். சிறந்த படிகளை எடுத்த சிலர் உயிருள்ள ஆளின் முன் தடுமாறுவது இதனால்தான். அவர்களுக்குத் தொனியும் தெரியும், வரிசையும் தெரியும். எதிரிலிருப்பவர் முறுவலிக்கத் தொடங்கும்போது பாதி தீட்டிய வாயை என்ன செய்வது என்பது தெரியாது.

சார்ஜென்ட்டின் பிற்காலப் பழக்கம் பற்றி அவரிடம் அமர்ந்தோரும் பயின்றோரும் கூறியவை இந்த இடத்தில் ஒத்துச் செல்கின்றன. கித்தானை அமர்ந்திருப்பவரின் அருகிலேயே நிறுத்தி, இரண்டையும் ஒரே பார்வையில் காணும்படி பின்னே நடந்து சென்று, முடிவெடுத்து, விரைந்து வந்து ஒரு தீற்றல் வைத்து, மீண்டும் பின்னே செல்வார். தூரத்திலிருந்து பார்த்து அருகில் வந்து தீட்டும் இந்த நடை, பிராடோவில் அவருடைய கால்கள் பழகியதே. தலை சரியாக அமையவில்லை எனக் கண்டால் கண்ணையோ வாயையோ திருத்திக்கொண்டிருக்க மாட்டார். முழுத் தலையையும் சுரண்டி எடுத்துவிட்டு, அமர்ந்திருப்பவரை மறுபடி வரச்சொல்லி, முதலிலிருந்து தொடங்குவார்.